கால்பந்து என்னும் தொகைச்சொல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. தலையால் நடந்து கயிலை ஏறிய அம்மையாரின் ஊருக்கு வந்து காலின் பெருமையைப் பேசுவது அதைவிடப் பெரிய தயக்கம். ஆயினும் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதை எனக்குத் துணை நிற்கிறது. அங்கே அம்மானை வரி உண்டு, கந்துக வரி உண்டு, ஊசல் வரி உண்டு. கந்துகம் என்பது பந்து. மகளிர் பந்தாடிக்கொண்டே பாடும் பாட்டை இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் இறுதிப் பகுதியில் வைத்திருக்கிறார். ஆட்டமும் பாட்டும் பிரியாமல் இருந்த காலம் அது. அந்தப் பிரியாமையைப் பற்றிப் பிறகு ஒரு செய்தி சொல்ல இருக்கிறேன். இப்போது நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழகத்திலும் புதுவையிலும் நாம் ‘கால்பந்து’ என்று எழுதுகிறோம். புணர்ச்சி விதியை விடாமல் பற்றிக்கொண்டு மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் ‘காற்பந்து’ என்று எழுதுகின்றனர். இலங்கைத் தமிழர் ‘உதைபந்தாட்டம்’ என்பர். மூன்று சொற்களும் ஒரே ஆட்டத்தைக் குறிப்பன. காலால் உதைக்கும் பந்து என்று விரித்தால், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான்.

ஆங்கிலத்து ‘ஃபுட்பால்’ அவ்வளவு எளிதில் விரியாது. காலால் உதைப்பதால் அப்பெயர் என்பர் ஒரு சாரார். மேன்மக்கள் குதிரைமேல் அமர்ந்து ஆடிய ஆட்டங்களுக்கு மாறாக, எளிய மக்கள் தம் காலில் நின்று ஆடியதால் அப்பெயர் என்பர் மற்றொரு சாரார். அவ்வாறாயின் அது ஏழாம் வேற்றுமைத் தொகையாகிவிடும். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாலும் அது ஃபுட்பாலே. ஓடுகிறவன் காலில்தானே நிற்கிறான்! இன்று அப்பெயருக்கு உரிமை கொண்டாடும் ஆட்டங்கள் குறைந்தது ஏழு. நாம் ஆடுவது ஒன்று; ரக்பியில் பதினைவர் ஆட்டம், பதின்மூவர் ஆட்டம் என இரண்டு; அமெரிக்கருடையது, கனடியருடையது, ஆஸ்திரேலியருடையது, அயர்லாந்தாருடையது என நான்கு. மெல்போர்ன் நகரில் ஒருவர் ‘ஃபுட்பால் பார்க்கப் போகிறேன்’ என்றால் அவர் நம் ஆட்டத்தைப் பார்க்கப் போகவில்லை. ஒரு தொகையை எப்படி விரிப்பது என்று எழுந்த இந்தப் பிணக்கில் யார் யாருக்கு என்ன போயிற்று என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

விதி எழுதப்படாத காலத்து ஆட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாயன்று ஊரே திரண்டு பந்தாடும். களம் என்று ஒன்று கிடையாது. வயலும் தெருவும் ஓடையும் களமே. ஆள்கணக்கும் கிடையாது. ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் இன்றும் அச்செவ்வாயும் சாம்பல் புதனும் இவ்வாட்டம் நடைபெறுகிறது. இரு எல்லைகளுக்கும் இடையே சுமார் 3 மைல் தொலைவு. பிரான்சில் நார்மண்டி, பிரித்தானிப் பகுதிகளில் இதற்கு ‘சூல்’ என்று பெயர். பங்குக்குப் பங்கு, மணமானவருக்கும் மணமாகாதவருக்கும் என்று மோதுவர். கடை அடைப்பும் கைகால் முறிவும் வழக்கமாகிவிட, 1314-இல் லண்டன் மேயர் மன்னர் பெயரால் தடையாணை பிறப்பித்தார். தடைக்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்பதைப் பின்னால் வந்த மன்னர்களும் அடுத்தடுத்துத் தடை விதித்ததிலிருந்தே அறியலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாட்டம் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளிகளுக்குள் புகுந்தது. அங்கே களத்தின் தன்மை ஆட்டத்தின் தன்மையை வகுத்தது. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் கல் பாவிய நடைக்கூடத்தில் ஆடினர். கீழே விழுந்தால் மண்டை உடையும், ஆகவே காலால் பந்தை உருட்டிச் செல்லும் திறன் வளர்ந்தது. ரக்பி பள்ளியில் பரந்த புல்வெளி இருந்தது. விழலாம், வீழ்த்தலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் திடீரெனப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதால் ரக்பி பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே எழுந்த கதை அது, ஆதாரம் மெலிது. இருந்தும் ரக்பி உலகக் கோப்பைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தலபுராணம் நமக்கு மட்டும் உரியதன்று.

பள்ளிக்கொரு விதி இருந்தால் பள்ளியை விட்டு வெளியே வந்தவர்கள் எப்படிச் சேர்ந்து ஆடுவது? அதற்காகவே 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃபிரீமேசன்ஸ் விடுதியில் சங்கங்களின் பேராளர்கள் கூடினர். ‘ஃபுட்பால் அசோசியேஷன்’ பிறந்தது. டிசம்பர் வரை கூடிக் கூடிப் பேசினர். கைக்கும் காலுக்கும் இடையேதான் சண்டை என்று நாம் எண்ணுவோம். அதுவும் இருந்தது, ஆனால் சங்கத்தை இரண்டாகப் பிளந்த கேள்வி வேறு. பந்தோடு ஓடுகிறவனை நிறுத்த அவன் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதே அது. ‘ஹேக்கிங்’ என்று அதற்குப் பெயர். பிளாக்ஹீத் சங்கத்தின் பேராளர் கேம்பல் அதை விட மறுத்தார். உதையை நீக்கினால் ஆட்டத்தில் வீரமே இராது; பிரெஞ்சுக்காரர் சிலரைக் கூட்டிவந்து ஒரு வாரம் பழக்கினால் அவர்களே உங்களைத் தோற்கடித்துவிடுவார்கள் என்ற பொருள்பட வாதிட்டார். (சிரிப்பு.) காரைக்காலில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியுமா? பிரெஞ்சுக்காரர் 1998-இலும் 2018-இலும் உலகக் கோப்பையை வென்றதை அவர் காணவில்லை.

மறுபக்கத்து வாதத்தை எண்ணிப் பாருங்கள். நாங்கள் அலுவலுக்குப் போகிறவர்கள், மறுநாள் நொண்டிக்கொண்டு போக முடியாது என்றார்கள். வாக்கெடுப்பில் அவர்களே வென்றனர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் காலை உதைப்பதும் நீக்கப்பட்டு 13 விதிகள் அச்சாயின. பிளாக்ஹீத் விலகியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1871-இல் ரக்பி வழி ஆடியோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அவர்களும் ஹேக்கிங்கை விலக்கிவிட்டனர். பிரிவுக்குக் காரணமான வழக்கம் போய்விட்டது, பிரிவு போகவில்லை. ஊர் வழக்குகளில் நாம் காணாததா இது?

விதியில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆட்டங்களின் குணத்தை அதுவே பெரிதும் வகுக்கிறது. பந்துக்கு முன்னால் தன் அணியாள் நிற்கலாமா என்பதே ‘ஆஃப்சைடு’ என்னும் சிக்கல். ரக்பியில் நிற்கக் கூடாது. ஆகவே பந்தைக் கையால் பின்னோக்கியே வீசவேண்டும், முன்னேற்றம் என்பது உடலால் தள்ளி முன்னேறுவதே. நம் ஆட்டத்தில் 1866-இல் அவ்விதி தளர்ந்தது, 1925-இல் மேலும் தளர்ந்தது. பந்தை ஒருவருக்கொருவர் முன்னோக்கித் தந்து ஆடும் அழகு அத்தளர்ச்சியில் மலர்ந்தது. ஆஸ்திரேலியர் 1859-இல் மெல்போர்னில் எழுதிய விதிகளில் ஆஃப்சைடே இல்லை. கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று டாம் வில்ஸ் முந்திய ஆண்டு எழுதிய கடிதத்தில் தொடங்கியது அவர்கள் ஆட்டம். இன்றும் கிரிக்கெட்டின் நீள்வட்டக் களத்தில், எங்கும் எவரும் நிற்கலாம் என்ற விரிவோடு நடக்கிறது. அமெரிக்கரோ ரக்பியை எடுத்து, வால்ட்டர் கேம்ப் என்பவரின் திருத்தங்களால் 1880 முதல் துண்டு துண்டாக நிறுத்தி ஆடும் ஆட்டமாக்கினர். 1905-இல் உயிரிழப்புகள் பெருகிக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு முன்னோக்கி வீசுதல் சட்டமாயிற்று. அவ்வாட்டத்தில் எனக்கு ஈடுபாடு குறைவு, ஆகவே இதோடு விடுகிறேன்.

மனத்தைத் தொடும் பிரிவு 1895-இல் நிகழ்ந்தது. வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்திற்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. போன கூலியை ஈடுகட்ட அனுமதியுங்கள் என்று வடபுலத்துச் சங்கங்கள் கேட்டன. கூலி வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று தெற்கத்திப் பெருமக்கள் மறுத்தனர். அவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி என்று ஒன்று இருந்ததில்லை. ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் விடுதியில் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் கூடித் தனியே பிரிந்தன. ஈட்டுத்தொகைக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் என்று வரம்பு கட்டின. 1906-இல் அணிக்குப் பதின்மூவர் என்று குறைத்து, அதைத் தனி ஆட்டமாகவே ஆக்கிக்கொண்டனர். தொழிலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரிவது எப்படி என்பதை இவ்வூராருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுத்த பதினைவர் ஆட்டத்தாரும் 1995 ஆகஸ்டில் பாரிசில் கூடி, ஊதியம் பெறுவதில் குற்றமில்லை என்று அறிவித்தனர். நூறாண்டு ஆயிற்று.

பாரிஸ் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். பதின்மூவர் ரக்பி 1934-இல் பிரான்சில் கால்கொண்டு, விரைவில் செழித்தது. பதினைவர் ஆட்டத்தார் கலங்கினர். நாடு ஜெர்மானியரிடம் வீழ்ந்து, மார்ஷல் பெத்தேனின் விஷி அரசு அமைந்தபின் அவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. 1941 டிசம்பரில் ஓர் அரசாணை பதின்மூவர் சங்கத்தைக் கலைத்தது. அதன் உடைமைகளும் பறிக்கப்பட்டன. போர் முடிந்து சங்கம் மீண்டெழுந்தது. ஆயினும் ‘ரக்பி’ என்ற பெயர் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. ‘பதின்மூவர் ஆட்டம்’ என்றே சொல்லிக்கொள்ளவேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டு, 1990களில்தான் பெயரை மீட்டது. பிரெஞ்சிந்தியா அவ்வரசின் கீழ் நிற்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1940 செப்டம்பரிலேயே ஆளுநர் போன்வென் டகால் பக்கம் சேர்ந்தார், காரைக்காலும் சேர்ந்தது. களத்தைப் பறிக்கலாம், பணத்தைப் பறிக்கலாம் என்பது தெரியும். ஓர் ஆட்டத்திடமிருந்து அதன் பெயரைப் பறிக்க ஓர் அரசு முனைந்தது என்று படித்தபோதுதான் பெயரின் எடை எனக்கு விளங்கியது.

அயர்லாந்தாருக்கு அந்த எடை முன்னரே தெரியும். 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் என்ற ஊரில் கேலிக் விளையாட்டுக் கழகம் தொடங்கப்பெற்றது. மைக்கேல் குசாக் அதன் முதன்மையான முயற்சியாளர். அவர்கள் ஃபுட்பாலில் பந்து உருண்டையானது. கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். குறுக்குக் கம்பத்திற்கு மேலே போனால் புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஆங்கிலேயரின் ஆட்டங்களை ஆடுகிற, ஏன், பார்க்கிற உறுப்பினரைக் கூட விலக்கும் விதி 1971 வரை அங்கே நடைமுறையில் இருந்தது. கடுமைதான். ஆனால் 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கிலேயப் படையினர் சுட்டதில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரர் உட்பட 14 பேர் மாண்டனர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கடுமையின் காரணம் தெரியும். அதே களத்தில் 2007 பிப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி அணி வந்து ஆடியது. அவர்கள் நாட்டுப் பண் இசைத்தபோது திரண்டிருந்த அயர்லாந்தார் அமைதி காத்தனர்.

ஆள்பவரின் ஆட்டத்தை அயர்லாந்தார் மறுத்தனர். நாம் அதை ஏற்று, அதிலேயே அவர்களை வென்றோம். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். ஆனால் நம் வழியில் மகிழ்ச்சி கூடுதல். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்றது. மோகன் பகான் அணியில் ஒருவர் மட்டுமே காலணி அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலர்.

அந்தக் கல்கத்தாவுக்கு முதலில் வந்தது ரக்பிதான் என்றால் நம்புவீர்களா? 1872 கிறிஸ்துமஸ் நாளில் அங்கிருந்த வெள்ளையர் இருபது பேர் எதிர் இருபது பேராக ஆடினர். அடுத்த ஆண்டு சங்கமும் அமைத்தனர். வெப்பம் தாங்கவில்லை, போலோவும் டென்னிசும் ஆட்களை இழுத்துக்கொண்டன. 1870களின் இறுதியில் சங்கத்தைக் கலைத்தபோது வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, உருக்கி, நாகங்கள் மூன்றைக் கைப்பிடியாகவும் யானையை மூடிமேலும் வைத்து ஒரு கோப்பை செய்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் ‘கல்கத்தாக் கோப்பை’க்காகவே ரக்பி ஆடிவருகின்றன. ஆட்டம் இங்கே தங்கவில்லை. நம் வெள்ளி அங்கே தங்கிவிட்டது. இறுகிய நம் தரையில் விழுந்து புரளும் ஆட்டம் எப்படித் தங்கும்? கால்பந்துக்கோ ஒரு பந்து போதும். செருப்புகளை அடையாளமாக வைத்தால் கம்பம் ஆயிற்று. இங்கே கடற்கரை மணலில் மாலையில் போய் நின்றால் நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த பெனால்டிகள் இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் 2–1 என்று வென்றது. அன்று காரைக்காலில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. 1954 நவம்பர் 1 அன்றுதான் இங்கே ஆட்சி கைமாறியது. சட்டப்படி அன்று இவ்வூர் வென்றவர் பக்கம். மனத்தளவில் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒரே வீட்டுக்குள் இருவேறு விடை கிடைத்திருக்கலாம். 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றபின் காலணி கட்டாயமாயிற்று. காலுக்கும் பந்துக்கும் நடுவே தோல் வந்தது. வேண்டிய மாற்றமே; ஆனாலும் வெறும் விரல்களால் பந்தை நிறுத்தித் திருப்பிய அந்த நுட்பத்துக்கு அத்துடன் இடமில்லாமல் போயிற்று.

இப்போது தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருகிறேன். நம் சொந்த ஆட்டமான சடுகுடுவுக்கும் இதே வரலாறு உண்டு. ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்கத்தில் ஹா-டு-டு என்று ஊருக்கொரு பெயரும் விதியும் இருந்தன. தொடப்பட்டவர் மீண்டும் உயிர் பெறுவது ஒரு முறை. அணி முழுதும் வீழும்வரை வெளியே இருப்பது ஒரு முறை. வெளியேறாமலே ஆடிக்கொண்டிருப்பது ஒரு முறை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மராட்டியத்தார் முன்னின்று விதிகளை எழுதினர்; 1950-இல் அனைத்திந்தியச் சங்கம் அமைந்தது; உயிர் பெறும் முறை நிலைத்தது; பெயர் கபடி என்றாயிற்று. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது இந்த ஒருமைப்பாட்டால்தான். 1863-இல் லண்டனில் நடந்ததற்கு இது குறைந்ததன்று. இதை நான் குறைகூற மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதிரணிக்குள் நுழைகிறவரைத் தமிழில் இன்றும் ‘பாடிச் செல்பவர்’ என்கிறோம். ஏன் பாட்டு? மூச்சு விடாமல் இருக்கிறார் என்பதற்கு அவர் வாயில் ஓடும் பாட்டே சான்று. பாட்டு அறுந்தால் ஆள் போனான். அந்த ஆட்டத்துக்குக் கடிகாரமே பாட்டுத்தான். ஆகவே ஒரு மூச்சுக்குள் அடங்கும் அளவில், எதிரியைச் சீண்டுவதாகவும் தன் ஊரை உயர்த்துவதாகவும் ஊர்தோறும் பாட்டுகள் இருந்தன. அச்சிட்ட விதி வந்தது. ‘கபடி’ என்ற ஒரு சொல்லைத் தெளிவாக, இடைவிடாது சொல்லவேண்டும் என்றது. நடுவருக்கு வசதி, அயலூராருக்கும் புரியும். ஆனால் அந்த ஒரு வரியால் ஒரு பாட்டு வகையே வேலையிழந்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடியில் 30 விநாடிக் கடிகாரமும் வந்து சேர்ந்தது. காலணிக்காக விரல் நுட்பத்தை இழந்ததைக் கால்பந்து ஆர்வலர் எழுதி வைத்திருக்கிறார்கள். சடுகுடுப் பாட்டுகளோ பெரும்பாலும் பாடியவர்களின் நினைவோடு போய்க்கொண்டிருக்கின்றன. கந்துக வரியை எழுதிவைக்க ஓர் இளங்கோ இருந்தார்.

இங்கே முன்வரிசையில் அறுபது, எழுபது கடந்த பெரியவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். சிறுவயதில் இந்த மணலில் கோடு கிழித்துப் பாடிப் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒரு பாட்டு, இல்லையேல் அரைப்பாட்டு நினைவிருந்தாலும் போதும். சொல் கொச்சையாக இருந்தாலும் கூச்சப்பட வேண்டாம். நான் ஒரு குறிப்பேடு கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம், அந்தப் பெஞ்சில்தான் இருப்பேன்.